பெயரைக் கேட்டது போதும், சம்பளச் சீட்டைப் பாருங்கள்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் நின்று “டாட்டா ஏஸ் ஒன்று வாடகைக்கு வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு விளங்காது. “பட்டா வேணும்” என்றால் அடுத்த நிமிடமே ஒருவர் சாவியோடு வருவார். 2005இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த அந்தச் சின்ன லொறிக்கு இங்கே சிங்களத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ‘சின்னவன்’ என்பதுபோன்ற ஒரு செல்லப்பெயர். தமிழ்நாட்டில் அதே வண்டிக்குப் பெயர் ‘குட்டி யானை’. வண்டியை ஓட்டிப் பார்த்து, சுமை ஏற்றிப் பார்த்து, உழைத்த சனம் வைத்த பெயர்கள் இவை.

வேலை தரும் கொம்பனிகளுக்கும் இப்படிப் பெயர் விழுவதுண்டு. “நல்ல இடம்”, “சாப்பாடு குடுக்கிற இடம்”, “பஸ் விடுகிற இடம்”. ஒரு ஊரில் ஒரு பிள்ளை சேர்ந்து நல்லபடியாக இருந்தால் அந்தப் பெயர் ஒழுங்கை முழுக்கப் பரவிவிடும். அந்தப் பெயரை நம்பித்தான் நம் பிள்ளைகள் நியமனக் கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். பெயர் விழுந்த காலத்தில் அங்கே இருந்த சலுகை இன்றைக்கும் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் ஒரு கார்க் கொம்பனிதான்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். வன்னியில் நெல் மூட்டையும் விறகும் ஏற்றி ஓடிய பெட்போர்ட் லொறிகளும் அந்தக் குடும்பத்து வண்டிகள்தான். பெட்போர்டைச் செய்த வாக்ஸ்ஹாலை 1925இல் வாங்கியது ஜெனரல் மோட்டார்ஸ். 1950இல் அது தொழிற்சங்கத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்று செய்தது. ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, விலைவாசிக்கு ஏற்ப ஏறும் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு வந்த ஒப்பந்தங்கள் அதன்மேல் கூட்டிக்கொண்டே போயின. ‘ஜெனரல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பி, ‘தாராளம்’ என்ற பொருள் வரும்படி ‘ஜெனரஸ் மோட்டார்ஸ்’ என்று அமெரிக்கர்கள் அந்தக் கொம்பனிக்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். அப்பா வேலை செய்த இடத்தில் மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அந்தத் தாராளம் ஒரே நாளில் போகவில்லை. 1988இல் ஓய்வுபெற்ற அலுவலக ஊழியர்களின் மருத்துவச் செலவில் ஒரு பங்கை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். “உயிரோடு இருக்கும்வரை என்று சொன்னீர்களே” என்று கேட்டு ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். கொம்பனி கொடுத்த கையேடுகளில் அப்படி எழுதியிருந்தது உண்மை. ஆனால் சலுகையை நிர்வாகம் மாற்றலாம் என்ற வரியும் அந்தத் தாள்களுக்குள் இருந்தது. 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொம்பனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஒப்பந்தத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பழையவர்களின் பாதியளவு சம்பளம் என்று முடிவாயிற்று. 2009 ஜனவரியிலிருந்து 65 வயது கடந்த அலுவலக ஓய்வூதியருக்கு மருத்துவக் காப்பே இல்லை. பதிலுக்கு மாதம் 300 டொலர் கொடுத்தார்கள். அந்த வருடம் ஜூன் 1ஆம் திகதி கொம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

அடுத்த வருடம், 2010 ஜூனில், டெட்ரோயிட் தலைமையகத்து ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தக் கொம்பனியின் செவர்லே காரை உலகமே செல்லமாக ‘செவி’ என்று கூப்பிடுகிறது. இனிமேல் நீங்கள் அப்படிச் சொல்லக்கூடாது, ‘செவர்லே’ என்றே சொல்ல வேண்டும் என்றது அது. வாய்தவறிச் சொன்னால் 25 சதம் போடுவதற்கு ஒரு உண்டியலும் வைத்தார்கள். வெளியே பெரிய சத்தம் எழும்ப, கொம்பனி உடனே பின்வாங்கியது. வண்டியின் செல்லப்பெயரைக் காப்பாற்றச் சனம் சண்டை பிடித்தது. ஆனால் கொம்பனியின் செல்லப்பெயருக்குள் இருந்த ஓய்வூதியமும் மருந்துச் செலவும் அதற்கு முன்பே கரைந்துவிட்டன. 2023இல் தொழிலாளர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து 25 வீதச் சம்பள உயர்வு வாங்கினார்கள். அப்போதுகூட 2007க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஒருமுறை விட்டதைத் திரும்ப வாங்குவது அவ்வளவு கடினம்.

இதை நான் எழுதக் காரணம், நம் பிள்ளைகள் இப்போது நிற்கும் இடம். போருக்குப் பிறகு வன்னியில் மாதச் சம்பள வேலை என்பது பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலை. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல். வவுனியாவில் ஒமேகா லைன். இவற்றைவிட சுப்பர்மார்க்கெட், லீசிங் கொம்பனி, தனியார் வங்கி, வாகன ஏஜென்சி. அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கொழும்பில் பெரிய கார்ப் பெயர் பொறித்த சேர்ட்டோடு நிற்கும் பொடியன்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய பெற்றோரில் பலர் வயலும் கடலும் கூலியும் பார்த்தவர்கள். வீட்டில் சம்பளச் சீட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பரந்தன் கெமிக்கலில் வேலை பார்த்த தலைமுறைக்குத் தெரிந்த விஷயங்கள் அந்தத் தொழிற்சாலையோடேயே போய்விட்டன.

எது உரிமை, எது சலுகை?

வேலையில் கிடைப்பது எல்லாவற்றையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, சட்டம் தருவது. முதலாளி நினைத்தாலும் குறைக்க முடியாது. மற்றது, நிர்வாகம் விரும்பித் தருவது. மதியச் சாப்பாடு, பஸ், வரவுக் கொடுப்பனவு, இலக்கு எட்டினால் கிடைக்கும் பணம், தீபாவளி முற்பணம், வருட போனஸ் எல்லாம் இந்தப் பக்கம். நெருக்கடி வந்தால் முதலில் மெலிவது இந்தப் பக்கம்தான்.

சட்டம் தருவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா ஆனது. ஊழியர் சேமலாப நிதியம், நாம் ஈ.பி.எப். என்று சொல்வது, 1958ஆம் ஆண்டுச் சட்டம்: உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். உங்களிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி. பிரசவ விடுமுறை 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு அது எத்தனையாவது பிள்ளைக்கும் ஒன்றுதான்.

தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈ.பி.எப். என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரமோ தற்காலிகமோ, முதல் நாளிலிருந்தே உங்களுக்கு அது உரியது. ‘ட்ரெய்னி’ என்று பெயர் வைத்து முழு ஆள் வேலை வாங்கும் கராஜுகளில் நிற்கும் தம்பிகள் இதைத் தொழில் காரியாலயத்தில் நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு கடிதங்கள்

சில மாதங்களுக்கு முன் விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி என்னிடம் வந்தா. கையில் இரண்டு இடத்து வேலைக் கடிதம். “அண்ணா, இதில நாப்பதாயிரம், அதில முப்பத்தெட்டு. எல்லாரும் நாப்பதுக்குப் போகச் சொல்லினம். அது பேர் போன இடம்தானே” என்றா.

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தோம். 40,000 சொன்ன இடத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000. வரவுக் கொடுப்பனவு 5,000. இலக்குக் கொடுப்பனவு 5,000. பெயர் தெரியாத மற்ற இடத்தில் 38,000மும் அடிப்படைச் சம்பளம்.

ஒரு கொப்பித் தாளில் இருவரும் கணக்குப் போட்டோம். இப்படியான வரவு, இலக்குப் பணத்தை முதலாளிமார் பொதுவாக ஈ.பி.எப். கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே முதல் இடத்தில் 30,000க்கு 8 வீதம், 2,400 ரூபா, வெட்டி 37,600 கைக்கு வரும். இரண்டாவது இடத்தில் 3,040 வெட்டி 34,960. கையில் 2,640 ரூபா வித்தியாசம். தங்கச்சி “பாத்தியளா” என்பதுபோல என்னைப் பார்த்தா.

பிறகு ஈ.பி.எப்., ஈ.ரி.எப். இரண்டுக்குமாக முதலாளி போடும் 15 வீதத்தை எழுதினோம். முதல் இடத்தில் 4,500. இரண்டாவதில் 5,700. மாதம் 1,200 கூட. கைக்கு வந்த வித்தியாசத்திலும் 640 ரூபா அவவுடைய சொந்தச் சேமிப்புத்தான், எங்கேயும் போகவில்லை. மீதி 2,000. அதில் 1,200 கழிந்தால் மாதம் 800, வருடம் 9,600. ஐந்து வருடம் நின்றால் பணிக்கொடையில் ஒவ்வொரு வருடத்துக்கும் 4,000 ரூபா வித்தியாசம் வரும்: 30,000இன் பாதி 15,000, 38,000இன் பாதி 19,000. அதையும் கழித்தால் பேர் போன இடம் வருடத்துக்கு 5,600 ரூபாதான் கூடத் தருகிறது. அதுவும் ஒரு நாளும் வரவு பிசகாமல், ஒரு மாதமும் இலக்குத் தவறாமல் இருந்தால். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு மாதத்தில் வரவுப் பணம் போனால் மிச்சம் 600. இரண்டாவது மாதமும் போனால் நட்டம். அடிப்படைச் சம்பளம் கூடினால் மேலதிக நேர வேலைக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கும் கூடும் என்பதை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவ அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. இரண்டு இடத்திலும் போய்க் கேட்க மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தருவீர்களா? வரவுக் கொடுப்பனவு எந்த எந்த லீவுக்கு வெட்டுப்படும்? இந்தக் கொடுப்பனவுகள் நிர்வாகத்தின் விருப்பப்படி மாறுமா, அல்லது கடிதத்தில் உறுதியாக இருக்குமா? மூன்றாவது கேள்வி ஜெனரல் மோட்டார்ஸ் ஊழியர்கள் நீதிமன்றத்தில் தோற்ற கேள்வி. ‘நிர்வாகம் எந்நேரமும் மாற்றலாம்’ என்ற வரி எந்தச் சலுகைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தச் சலுகையை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம், லீசிங் போட வேண்டாம், சீட்டுக் கட்ட வேண்டாம். 2020 மே மாதம், கொரோனாவால் வேலை இல்லாமல் வீட்டில் இருத்திய ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் கூடியது என்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் முடிவெடுத்தபோது, அந்தப் பாதியையும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிட்டார்கள். கொடுப்பனவுகளில் வாழ்ந்த வீடுகள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தன என்று நான் நேரில் பார்த்தேன்.

வெட்டியது போய்ச் சேர்ந்ததா?

என்னுடைய முதல் வேலை வவுனியாவில் ஒரு சின்ன நிறுவனத்தில். பதினெட்டு மாதம் நின்றேன். ஒவ்வொரு மாதமும் சீட்டில் 8 வீதம் வெட்டியிருந்தது. விலகிய பிறகு மீதியைப் பார்த்தால் கணக்கில் ஐந்து மாதப் பணம் மட்டும் கிடந்தது. மற்றப் பதின்மூன்று மாதமும் என்னிடம் வெட்டிய பணமும் இல்லை, அவர்கள் போட வேண்டிய பணமும் இல்லை.

என்னைக் காப்பாற்றியது அம்மாவின் பிஸ்கட் தகரம். சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அம்மா அதற்குள் போட்டு வைத்திருந்தா. காபன் மங்கிப்போன அந்தப் பதினெட்டுத் துண்டையும் தொழில் காரியாலயத்து மேசையில் திகதி வரிசையில் அடுக்கினேன். அலுவலர் ஒவ்வொன்றாக எடுத்து, மாதம், தொகை, வெட்டியது என்று சிவப்புப் பேனையால் தன் தாளில் எழுதினார். ஒரு சொல்லும் நான் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. தாள் பேசியது. எட்டு மாதம் அலைந்தேன், ஆனால் பணம் கணக்குக்கு வந்தது.

ஆகவே சீட்டுத் தந்தவுடன் போனில் படம் எடுங்கள். எடுத்ததை இணையச் சேமிப்பிலும் போடுங்கள், நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்புங்கள். 2009 மே வரை ஓடிய ஓட்டத்தில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். இலக்கம் எழுதிய அட்டை எல்லாவற்றையும் முள்ளிவாய்க்காலில் விட்டு வந்த சனம் நாங்கள். பிறகு செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து, தான் இன்னார் என்று நிரூபிக்க எத்தனை வருடம் அலைந்தோம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். தாளின் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மாதத்துக்குரிய ஈ.பி.எப். பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் முதலாளி செலுத்த வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். நிதியத்தின் பணத்தைப் பார்த்துக்கொள்வது மத்திய வங்கி. அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. கட்டாத முதலாளியைக் கேள்வி கேட்பது தொழில் திணைக்களம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு அலைபவர்கள் பலர். மீதியை வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள். வேலையில் நிற்கும்போதே பார்ப்பது முக்கியம். விலகின பிறகு தேடினால் நான் அலைந்த மாதிரி அலைய வேண்டும்.

அந்தப் பணம் தேயாது என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறிய நேரம், நிதியம் அந்த வருடத்துக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். 2023இல் அது 13 ஆக உயர்ந்து, 2024இல் 11 ஆக இறங்கியது. இருந்தாலும் முதலாளி மேலே போட்டுத் தரும் 12 வீதத்துக்கு ஈடான சேமிப்பு வேறெங்கும் உங்களுக்குக் கிடைக்காது. பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் சேர்ந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதத்தை இடையிலேயே எடுக்கலாம். கூரை போட்டு, நிலம் பூசாமல் நிற்கும் வீட்டுத்திட்ட வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை! நுண்கடன் லீடரிடம் போக முன்னர் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. கலியாணத்தைக் காட்டி வேலையை விட்டால் பெண்கள் ஈ.பி.எப். பணத்தை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நேரம் வீட்டில் எல்லாரும் அந்தப் பணத்தைத்தான் பார்ப்பார்கள். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்க முன், நாட்காட்டியைப் பாருங்கள். நாலு வருடம் பத்து மாதத்தில் விலகினால் பணிக்கொடை ஒரு சதமும் இல்லை. இன்னும் இரண்டு மாதம் நின்றால், 30,000 ரூபா அடிப்படையில், 75,000 ரூபா. இந்த இரண்டு மாதத்துக்காகக் கலியாண நாளைத் தள்ளச் சொல்லவில்லை. விலகல் கடிதத்தின் திகதியை மட்டும் தள்ளுங்கள். பணிக்கொடை விலகி 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்பதும் சட்டம்.

வேலையால் நிறுத்தினால் அழுதுகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். “இண்டைக்கு வா, நாளைக்கு வா, திரும்ப எடுக்கிறம்” என்று இழுத்தடித்து அந்த ஆறு மாதத்தைத் தாண்ட வைத்த கதைகளை நான் ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறேன். வெற்றுத் தாளில் கையெழுத்து, திகதி போடாத விலகல் கடிதம், இரண்டும் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கொழும்புக்குப் போகும் வாகனத் தொழில்நுட்பத் தம்பிகளுக்கும் இதே கணக்குத்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் ஐந்து வருடம் ஷோரூம்கள் காய்ந்து கிடக்க, பழைய வண்டியைத் திருத்தும் கைகளுக்குத்தான் வேலை இருந்தது. உங்கள் கைத்தொழிலுக்குச் சந்தை உண்டு. நேர்முகத்தில் தங்குமிடம் தருவார்களா என்று கேட்க முன் அடிப்படைச் சம்பளத்தைக் கேளுங்கள். தங்குமிடம் தந்தால் அதற்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். சேர்ட்டில் இருக்கும் பெயர் எந்தக் காரின் பெயராக இருந்தாலும் கேளுங்கள்.

விசுவமடுத் தங்கச்சி அடுத்த கிழமை பஸ்ஸுக்குள் இருந்து போன் எடுத்தா. பின்னால் கண்டக்டர் “பரந்தன், பரந்தன்” என்று கத்துவது கேட்டது.

“அண்ணா, ரெண்டு இடத்திலயும் கேட்டனான். அந்தப் பெரிய இடத்தில சொந்த லீவு ஒரு நாள் எடுத்தாலும் ஐயாயிரமும் போகுமாம். மற்ற இடத்தில அடிப்படைச் சம்பளம் முப்பத்தெட்டு எண்டு கடிதத்திலயே அடிச்சுத் தந்தவை.”

“கையெழுத்து வச்சிட்டீங்களோ?”

“இல்லை. வீட்ட கொண்டுபோய் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு நாளைக்குத் தாறன் எண்டு சொன்னனான். அவையும் ஓம் எண்டவை. படமும் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.”